பாடகர் குழுவுக்காகக் காமினோ நடந்து நிதி திரட்டலாமா?

நீங்கள் வெளிப்படையாகக் கேட்டிருப்பது மூன்று கேள்வி. உங்கள் பங்கின் (கத்தோலிக்கக் கோயில் சமூகத்தின்) தமிழ்ப் பாடகர் குழுவுக்குப் புதுக் கீபோர்டு, மைக், ஒலிபெருக்கி, வாராவாரம் பயிற்சி கொடுக்க ஓர் ஆசிரியர் என்று 12,000 வெள்ளி தேவை. அதற்காக ஸ்பெயினில் சந்தியாகோ நகரிலுள்ள புனித யாக்கோபு கோயிலுக்குப் போகும் காமினோ என்னும் யாத்திரைப் பாதையை முழுவதும் நடந்து, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நன்கொடை கேட்கலாமா? 52 வயதில் உடம்பு தாங்குமா? சிங்கப்பூரில் இப்படிப் பணம் திரட்டுவதில் சட்டச் சிக்கல் வருமா? ஆனால் கடைசியில், வேண்டுதலைப் போய் வியாபாரம் ஆக்குகிறேன் என்று யாராவது சொல்வார்களோ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்ற மூன்றுக்கும் வழி தானாகப் பிறக்கும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் கணக்குத் தணிக்கை வேலையில் இருந்தவன். ஒரு பங்கின் நிதிக்குழுவில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன், பாடகர் குழுவில் இன்னும் பாடுகிறேன், காமினோவிலும் வேளாங்கண்ணிப் பாதையிலும் நடந்திருக்கிறேன். வழக்கறிஞரும் இல்லை, மருத்துவரும் இல்லை. கணக்கு பற்றியும் நடை பற்றியும் சொல்வதை உறுதியாகச் சொல்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதை உங்கள் பங்கு அலுவலகத்திலும், முழங்கால் பற்றிச் சொல்வதை உங்கள் மருத்துவரிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

நேர்ச்சை உங்களுக்கும் கடவுளுக்கும் இடையில் உள்ளது. அதில் மூன்றாவது ஆள் பங்குப்பணம் போட முடியாது. ஆனால் யாத்திரை போகிறவர் கையில் ஊர் தன் காணிக்கையைக் கொடுத்தனுப்புவது நம்மிடம் வெகுகாலமாக உள்ள வழக்கம். ஆகஸ்ட் மாதம் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களை நிறுத்தி மோர் கொடுப்பவர்களும், "என் பேரைச் சொல்லி மாதா உண்டியல்ல போட்டுடுங்க" என்று பத்து ரூபாயைக் கையில் வைப்பவர்களும் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். அதை யாரும் வியாபாரம் என்று சொன்னதில்லை. அந்தப் பத்து ரூபாய் நடப்பவருடைய பையில் தங்குவதில்லை, கொடுப்பவரும் எத்தனை மைல் நடந்தாய் என்று அளந்து கொடுப்பதில்லை. ஐரோப்பாவில் இடைக்காலத்தில் கூலி வாங்கிக்கொண்டு அடுத்தவர் பெயரில் யாத்திரை போனவர்கள் இருந்தார்கள். வியாபாரம் என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். ஆகவே என் பதில், தாராளமாகச் செய்யலாம், இரண்டு நிபந்தனையோடு. பணம் உங்கள் கை வழியாகப் போகக் கூடாது. நடையைப் பணம் அளக்கக் கூடாது.

இரண்டாவதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் திட்டத்தில் நான் மாற்றச் சொல்வது அதைத்தான். கிலோமீட்டர் கணக்கு வேண்டாம். கேட்க அழகாக இருக்கும், 780 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 10 காசு என்றால் ஆளுக்கு 78 வெள்ளி என்று துண்டுச்சீட்டில் போடவும் வசதி. ஆனால் பாதையில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். நீண்ட நடையில் பெரும்பாலும் முதல் ஏழெட்டு நாளில்தான் கால் தொந்தரவு கொடுக்கும். கொப்புளம் சரி, அதோடு நடந்துவிடலாம். முழங்காலோ, முன்காலில் தசைநாரோ வீங்கினால் இரண்டு மூன்று நாள் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். சிலர் பேருந்தில் கொஞ்ச தூரம் போய்ச் சேர்ந்துகொள்கிறார்கள், சிலர் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அப்போது உங்கள் மனதில் "இன்னும் 400 கிலோமீட்டர் நடக்காவிட்டால் பாடகர் குழுவுக்குப் பாதிப் பணம் போய்விடும்" என்ற எண்ணம் இருந்தால், வீங்கிய காலோடு நடப்பீர்கள். அப்படி நடந்து நிரந்தரமாகக் கெடுத்துக்கொள்ள முழங்கால் ஒன்றும் சின்ன விஷயம் இல்லை. கொடுக்கிறவர்கள் ஒரு தொகையை முன்கூட்டியே கொடுத்துவிடட்டும். நீங்கள் முழுவதும் நடந்தாலும், பாதியில் நின்றாலும் அது பாடகர் குழுவுடையது என்று அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

பயணச் செலவு முழுவதும் உங்கள் சொந்தப் பணமாக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். விமானம், காப்புறுதி, ஐந்து வாரத் தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்துச் சிக்கனமாகப் போனாலும் 4,000, 5,000 வெள்ளி ஆகிவிடும். பாதையில் மட்டும் ஒரு நாளைக்கு 40 முதல் 50 யூரோ என்று வைத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் அறநிறுவனங்கள் நிதி திரட்டச் செய்யும் செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. உங்கள் 5,000 வெள்ளியை அந்த 12,000-இல் கழித்தால் அதுவே 40 விழுக்காட்டுக்கு மேல். சட்டத்துக்கு முன்னால் மனிதர்களே கேட்பார்கள், எங்கள் காசில் ஸ்பெயின் போனாயா என்று. "விமானச் செலவை நேராகக் குழுவுக்குக் கொடுத்துவிடலாமே" என்றும் ஒருவர் நிச்சயம் கேட்பார். அதற்கு நேர்மையான பதில் ஒன்றுதான்: யாத்திரை என் சொந்த ஆசை, அதற்கு என் காசு, போகிற போக்கில் குழுவுக்கும் கேட்கிறேன். அப்படிச் சொல்ல உங்கள் மனம் ஒப்பவில்லை என்றால், நேர்ச்சை எதுவும் இல்லாமல் குழுவுக்காக மட்டும்தான் போகிறீர்கள் என்றால், போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஐந்து வாரம் தனியாக நடக்க அது போதாது.

அடுத்து, பணம் உங்கள் கையில் தங்காமல் இருப்பது. இதில் திருச்சபைச் சட்டமே தெளிவாக இருக்கிறது. 1265-ஆம் சட்டம், தனியாள் எவரும் பக்தி சார்ந்த அல்லது திருச்சபை சார்ந்த நோக்கத்துக்குக் காணிக்கை கேட்க வேண்டுமானால் தம் ஆயரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்கிறது. 1267-ஆம் சட்டம், ஒரு நோக்கத்துக்கென்று விசுவாசிகள் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம் என்கிறது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பது 537-ஆம் சட்டம். நடைமுறையில் நீங்கள் நேராக ஆயர் இல்லத்துக்குப் போகத் தேவையில்லை, பங்குத்தந்தையிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். மேலே அனுமதி வாங்க வேண்டுமா, அவர் அளவில் முடியுமா என்று அவர் சொல்வார். இது பங்குக்குப் பங்கு மாறும். ஆனால் கடிதம் கட்டாயம் எழுத்தில் இருக்கட்டும், பதிலும் எழுத்தில் வாங்குங்கள். திருப்பலி முடிந்து வாசலில் நின்று "ஃபாதர், ஒரு சின்ன ஐடியா" என்று பேசி வாங்கும் சம்மதம், பங்குத்தந்தை மாற்றலாகிப் போனதும் காற்றோடு போய்விடும்.

அனுமதி வந்ததும் நன்கொடை நேராகப் பங்கின் கணக்குக்குப் போகட்டும். வங்கிப் பணமாற்றுக்கான பங்கின் பேநவ் எண்ணைப் போட்டு, குறிப்பில் 'தமிழ்ப் பாடகர் குழு' என்று எழுதச் சொன்னால் போதும். உங்கள் கைத்தொலைபேசி எண்ணை ஒருபோதும் கொடுக்காதீர்கள். உங்கள் நாணயத்தில் யாருக்கும் சந்தேகம் இருக்காது, ஆனால் சொந்தக் கணக்கில் பொதுப்பணம் கலந்தால் பிரித்துக் காட்டுவது கடினம். நான் பார்த்த மனத்தாங்கல்களில் பெரும்பாலானவற்றில் யாரும் திருடியிருக்கவில்லை. ஒருவர் வெள்ளை உறையில் 50 வெள்ளி கொடுத்திருப்பார், வாங்கியவர் நோட்டுப் புத்தகத்தில் எழுத மறந்திருப்பார். அவ்வளவுதான், இரண்டு குடும்பம் பேசாமல் போய்விடும். ரொக்கம் கொடுத்தே தீருவேன் என்கிற வயதானவர்களைப் பங்கு அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நாட்டுச் சட்டத்துக்கு வருகிறேன். இங்கே நிதி திரட்டுகிற எவரும், பணம் யாருக்கு, எதற்கு என்று கொடுப்பவருக்குச் சரியாகச் சொல்ல வேண்டும், சொன்னதற்கே செலவிட வேண்டும், கணக்கு வைத்திருக்க வேண்டும். தெருவிலோ எம்ஆர்டி வாசலிலோ உண்டியல் குலுக்கினாலும், புளோக் புளோக்காக வீடு ஏறிக் கேட்டாலும் உரிமம் வேண்டும். அதைத் தொடவே வேண்டாம், உங்கள் தொகைக்கு அது தேவையும் இல்லை. வெளிநாட்டு அறப்பணிக்கென்று பொதுமக்களிடம் திரட்டினால் அறநிறுவன ஆணையரின் தனி அனுமதி தேவை. உங்கள் குழு இங்கே இருப்பதால் இந்த விதி உங்களைத் தொடாது. ஆனால் "ஸ்பெயினில் உள்ள யாத்திரிகர் விடுதிக்கும் கொஞ்சம் கொடுப்போம்" என்று நல்லெண்ணத்தில் சேர்த்தால் தொட்டுவிடும், ஆகவே சேர்க்காதீர்கள். குழுவாகப் பதாகை பிடித்து, ஒரே மாதிரிச் சட்டை போட்டுப் பொது இடத்தில் நடக்க நினைத்தால் 2009-ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டப்படி காவல்துறை அனுமதி தேவையா என்று முதலில் கேளுங்கள். இன்னொன்று, நன்கொடைக்கு 250 விழுக்காடு வரிக் கழிவு கிடைக்கும் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சலுகை பொது நலத் தகுதி பெற்ற அமைப்புகளுக்குக் கொடுக்கும் நன்கொடைக்குத்தான். ஒரு சமயத்தாருக்கு மட்டும் பயன்படும் நோக்கத்துக்கு அந்தத் தகுதி கிடைப்பதில்லை.

எதற்குத் திரட்டுகிறீர்கள் என்பதிலும் ஒரு திருத்தம். கீபோர்டும் ஒலிபெருக்கியும் ஒரு முறை வாங்குவது, அதற்கு யாத்திரை நிதி பொருந்தும். ஆசிரியர் சம்பளம் மாதாமாதம் வருவது. நீங்கள் ஒரு தடவை நடந்து இரண்டு ஆண்டுச் சம்பளம் சேர்த்துவிட்டால், மூன்றாம் ஆண்டு யார் நடப்பது? அதைப் பங்கின் ஆண்டு வரவு செலவில் சேர்க்கச் சொல்லி நிதிக்குழுவிடம் வாதாடுங்கள், இந்த நிதியில் கலக்காதீர்கள். தொகை குறைந்தால் முதலில் எதை வாங்குவோம், கூடினால் மிச்சம் எங்கே போகும் என்பதையும் அறிவிப்பில் இரண்டு வரியில் எழுதுங்கள். "மிஞ்சினால் பாடகர் குழுவின் பாட்டுப் புத்தகங்களுக்கும் கருவிப் பராமரிப்புக்கும்" என்று போட்டாலே போதும். வாங்குகிற கருவி பங்கின் சொத்தாகப் பதிவாகட்டும். குழுவின் சொத்து என்று விட்டால், குழு இரண்டாக உடையும்போது கீபோர்டு யார் வீட்டில் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

கொடுக்கிறவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு இது முக்கியம். நம் தமிழ்த் திருப்பலிக்கு வருகிறவர்களில் வேலை அனுமதியில் இருக்கும் தம்பிகள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். வாரம் முழுக்கக் கட்டுமான வேலை, ஞாயிற்றுக்கிழமை விடுதியிலிருந்து பேருந்து பிடித்து வந்து பாடுகிறார்கள். ஊருக்கு அனுப்புகிற பணத்தில் ஐந்து வெள்ளியைப் பிடித்து உங்களிடம் நீட்டுவார்கள். அவர்களைக் கேட்கிற இடத்தில் வைக்காதீர்கள். பெயரும் தொகையும் போட்ட பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டவே கூடாது. 500 வெள்ளி கொடுத்தவர் பெயர் மேலேயும் 5 வெள்ளி கொடுத்தவர் பெயர் கீழேயும் இருக்கிற ஒரு தாள், பல ஆண்டு சேர்ந்து பாடியவர்களைக் கூட ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்க்க வைத்துவிடும். அலுவலகத்தில் கேட்பதும் அப்படித்தான். உங்கள் இந்து, முஸ்லிம் நண்பர்கள் நட்புக்காகக் கொடுக்கலாம், மனமுவந்து கொடுப்பார்கள். நீங்கள் மேலதிகாரியாக இருந்து, உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவரிடம் கேட்டால் அது கட்டாயம் ஆகிவிடும்.

சரி, பாதை. பிரெஞ்சுப் பாதை எனப்படும் வழி, பிரான்ஸின் சென் ஜான் பியே த போர் ஊரிலிருந்து சந்தியாகோ வரை சுமார் 780 கிலோமீட்டர். பெரும்பாலோர் 30 முதல் 35 நாளில் முடிக்கிறார்கள். முதல் நாளே பிரனீஸ் மலையில் 1,400 மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறி ரோன்செஸ்வாயெஸ் ஊருக்கு இறங்க வேண்டும். நம் புக்கிட் தீமா குன்று 163 மீட்டர்தான். அந்த மலை வழி நவம்பர் முதல் மார்ச் கடைசி வரை மூடியிருக்கும். புர்கோஸுக்கும் லெயோனுக்கும் நடுவே நிழலில்லாத சமவெளி, ஜூலை ஆகஸ்டில் அங்கே வெயில் வறுத்தெடுக்கும். மே அல்லது செப்டம்பர் நல்லது. ஆனால் 780 கிலோமீட்டர் நடந்தால்தான் யாத்திரை என்று இல்லை. கம்போஸ்தெலா என்னும் லத்தீன் சான்றிதழுக்குக் கடைசி 100 கிலோமீட்டர் நடந்து, வழியில் முத்திரைகள் வாங்கியிருந்தால் போதும். 2024-இல் அதைப் பெற்றவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர், அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் சாரியாவிலிருந்து சுமார் 115 கிலோமீட்டர் மட்டும் நடந்தவர்கள். போர்ச்சுகலின் போர்ட்டோவிலிருந்து உள்வழியாக நடந்தால் ஏறக்குறைய 240 கிலோமீட்டர், இரண்டு வாரம். வேலையில் இருந்துகொண்டு முதன்முறையாக நீண்ட நடை போகும் உங்களுக்கு நான் சொல்வது இந்தப் போர்ட்டோ வழியைத்தான்.

உடம்பைப் பழக்க ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ரயில் தண்டவாளத் தடம் 24 கிலோமீட்டர், சனிக்கிழமை அதில் நடக்க முடிகிற பகுதி முழுவதையும் நடந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் 15 கிலோமீட்டர் நடந்து பாருங்கள். தொடர்ந்து இரண்டாம் நாள் நடக்கும்போதுதான் உங்கள் கால் உங்களுக்குத் தெரியவரும். மலை இல்லாத ஊரில் மாடிப்படிதான் மலை, உங்கள் வீவக அடுக்குமாடி புளோக்கில் பையோடு ஏறுங்கள். இறங்கவும் பழகுங்கள், முழங்காலுக்குச் சோதனை இறக்கத்தில்தான். பை எடை உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். காலணி அரை அளவு பெரிதாக இருக்கட்டும். சர்க்கரை இருந்தால் கால் புண்ணை அலட்சியம் செய்யவே கூடாது, மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் சீட்டு எடுக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நிரந்தரவாசியாக நீங்கள் இருந்தால் ஷெங்கன் விசா வேண்டும், சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்கு 90 நாள் வரை வேண்டாம்.

ஏன் ஸ்பெயின் என்று உங்கள் பங்கில் யாராவது கேட்டால் கோபப்படாதீர்கள், நானும் அதை யோசித்தேன். தமிழ்ப் பாடகர் குழுவுக்காக நடப்பதென்றால் திருச்சியில் இறங்கி, பூண்டி மாதா, தஞ்சாவூர், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி போவதும் ஒரு நல்ல யாத்திரை; ஒரு வாரம் போதும். செலவும் மிகக் குறைவு. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கும் செப்டம்பர் 8 திருவிழாவுக்கும் போனால் பாதை முழுக்கத் துணை இருக்கும். ஆனால் வழி நெடுகப் பெருஞ்சாலை. விடிவதற்கு முன் நடப்பவர்கள் வாகனங்கள் மோதி இறப்பது உண்டு. தனியாகப் போக வேண்டாம், வெளிச்சம் பட்டால் மின்னும் சட்டை இல்லாமல் இருட்டில் நடக்க வேண்டாம். காமினோவில் பெரும்பகுதி பெருஞ்சாலையை விட்டு விலகிய பாதை, வழியெங்கும் விடுதி. முதல்முறை தனியாக நடக்கும் ஒரு சிங்கப்பூர்க்காரருக்குப் பாதுகாப்பில் காமினோ மேல் என்பது என் கருத்து. உங்கள் நேர்ச்சை மாதாவுக்கு என்றால் என் கருத்தைத் தள்ளிவிடுங்கள்.

குழுவை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் அவர்களுக்காக நடப்பது சரியாக வராது. கிளம்புவதற்கு முன் ஒரு மாதம் பாடகர் குழுவின் இடத்தில் ஒரு பெட்டி வையுங்கள், அதில் பணம் போடத் துளை வேண்டாம், வேண்டுதல் சீட்டு போட மட்டும். காசு கொடுத்தவர், கொடுக்காதவர் வித்தியாசம் இல்லாமல் எல்லாருடைய சீட்டையும் பையில் எடுத்துப்போய் நாளைக்குச் சில என்று வாசித்து ஜெபியுங்கள். வேண்டுதலுக்கும் நன்கொடைக்கும் நடுவில் ஒரு நூல்கூடத் தொடர்பு இருக்கக் கூடாது. இறந்துபோனவர் பெயரிலோ, நோயால் வர முடியாதவர் பெயரிலோ கம்போஸ்தெலா கேட்டு வாங்கலாம் என்பதையும் சொல்லிவையுங்கள். குழுவில் பல ஆண்டு பாடி மறைந்த ஒருவர் இருப்பாரே. பிரெஞ்சுப் பாதையில் போனால் காரியோன் தே லோஸ் கோந்தெஸ் ஊரில் அகுஸ்தினார் சபைச் சகோதரிகளின் விடுதியில் தங்கப் பாருங்கள், மாலையில் யாத்திரிகர்களை உட்கார வைத்து அவரவர் மொழியில் பாடச் சொல்வார்கள். அங்கே பாட ஒரு தமிழ்ப் பாட்டை இங்கேயே தயார் செய்துகொண்டு போங்கள்.

தினமும் முகநூலில் படம் போட வேண்டுமா என்ற யோசனையும் உங்களுக்கு வரும். வாரத்துக்கு ஒருமுறை குழுவின் வாட்ஸ்அப்பில் நாலு வரி போதும், பணத்தைப் பற்றி அதில் பேச வேண்டாம். தொகை விவரத்தை நீங்கள் சொல்லாமல், இங்கே இருக்கும் பொருளாளர் பங்கு அறிக்கையில் வெளியிடட்டும். திரும்பி வந்த ஒரு மாதத்துக்குள் வரவு, வாங்கிய பொருள், ரசீது, மிச்சம் எல்லாம் ஒரே தாளில் வர வேண்டும். ஜூலை 25 புனித யாக்கோபு திருநாள் 2027-இல் ஞாயிற்றுக்கிழமை வருவதால் அது புனித ஆண்டு, வழக்கத்தைவிடக் கூட்டம் இருக்கும். அந்த ஆண்டு போவதானால் விடுதிகளை முன்பே பதிவு செய்யுங்கள். அதற்கெல்லாம் முன்னால் பங்குத்தந்தைக்கு அந்த ஒரு பக்கக் கடிதத்தை எழுதிவிடுங்கள், விமானச் சீட்டை அவர் பதில் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.